நரைச்ச தலையும் நாலு பேரும்

வாற ஆவணியிலை மகளுக்குக் கலியாணம். ஹோல் புக் பண்ணியாச்சு, ஐயருக்குச் சொல்லியாச்சு, மணவறைக்காரருக்கு முற்பணமும் குடுத்தாச்சு. போன கிழமை மச்சாள் ஸ்காபரோவிலையிருந்து ரெலிபோன் எடுத்து ஒரு மணித்தியாலம் கதைச்சா. பலகாரம் ஆர் சுடுறது, ஆராத்தி எடுக்க ஆரைக் கூப்பிடுறது எண்டு எல்லாம் கதைச்சு முடிச்சுப்போட்டு, போனை வைக்கிறதுக்கு முதல் கேட்டா:

"அது சரி, நீர் தலைக்கு என்ன செய்யப் போறீர்?"

"தலைக்கென்ன, பூ வைக்கிறதுதான்."

"பகிடி விடாதையும். பொம்பிளையின்ரை தாய் வெள்ளைத் தலையோடை மணவறையிலை நிண்டால் அல்பத்திலை எப்பிடி இருக்கும்? காலத்துக்கும் இருக்கப்போற படம். ஒருக்கா அடிச்சுப்போட்டுப் பிறகு விடுமன்."

ஒருக்கா அடிச்சுப்போட்டுப் பிறகு விடுறது... எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. 2000 ஆம் ஆண்டு நானும் அப்பிடி நினைச்சுத்தான் அடிச்சனான். விடுறதுக்கு 20 வருசம் எடுத்தது.

முதல் நரையை நான் கண்டது 32 வயசிலை, ஸ்காபரோவிலை பதினோராம் மாடி அபார்ட்மென்ற் ஒண்டின்ரை பாத்ரூம் கண்ணாடியிலை. ஒண்டுதானே எண்டு பிடுங்கினன். ஒண்டைப் பிடுங்கினால் ஏழு முளைக்கும் எண்டு அம்மம்மா சொல்லுறவ. அது பொய். ஒரு வேரிலை பிடுங்கினால் பக்கத்து வேருக்கு அது தெரியாது. ஆனால் பக்கத்து வேருக்கும் நரைக்கிற காலம் வந்திட்டுதெண்டால் அம்மம்மா சொன்னது பலிச்ச மாதிரித்தான் இருக்கும். 36 வயசிலை முன்பக்கம் ஒரு கொத்தே வெளுத்துப்போச்சு.

அப்ப நான் ஒரு பக்ரறியிலை வேலை. இரவிலை கொம்பியூட்டர் கோர்ஸ் படிச்சு முடிச்சு, ஒரு ஒபிஸ் வேலைக்கு இன்ரவியூ வந்திருந்தது. என்னோடை லைனிலை நிண்ட அக்கா ஒராள் சொன்னா: "பிள்ளை, இவங்கள் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையெண்டு ஒருக்காத் துரத்துவாங்கள். வயசு போட்டுதெண்டு ஒருக்காத் துரத்துவாங்கள். முதலாவதுக்கு ஒண்டும் செய்யேலாது. ரெண்டாவதையாவது மறைக்கலாம்." அண்டைக்குப் பின்னேரமே தமிழ்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிஜென் பெட்டியும் வாங்கித் தந்தா. வேலை கிடைச்சுது. அது டையாலை கிடைச்சுதோ படிப்பாலை கிடைச்சுதோ தெரியாது. ஆனால் நேத்தி வைச்சு ஒரு காரியம் சரிவந்திட்டால் பிறகு ஆர் நேத்தியை நிப்பாட்டுறது?

உண்மையைச் சொன்னால் வயசை மறைக்கிறது எனக்குப் புதிசும் இல்லை. 1988 இலை ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டிலை எனக்கு வேறை பேர், வேறை ஊர், என்னை விட ஆறு வயசு குறைஞ்ச ஒரு பிறந்த திகதி. கொழும்பு லொட்ஜிலை இரவிரவாய் அந்தத் திகதியைப் பாடமாக்கினன். நித்திரையிலை தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். மூண்டு எயாப்போட்டிலை அந்தப் பெட்டையாய் நடந்து போனன். இஞ்சை இறங்கி, நான் அகதி எண்டு சொன்ன நிமிசத்தோடை அவளை விட்டாச்சு எண்டு நினைச்சன். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு பாத்ரூம் கதவைப் பூட்டிப்போட்டு திரும்பவும் அவளை எடுத்து உடுத்தத் தொடங்கினன். எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ பேருக்கு இண்டைக்கும் பேப்பரிலை ஒரு வயசு, சாதகத்திலை ஒரு வயசு. பென்சன் எடுக்கிற நேரத்திலைதான் அதின்ரை கஸ்டம் தெரியுது.

டை அடிக்கிற பொம்பிளையளுக்கு அதின்ரை கணக்கு விளங்கும். தலைமயிர் மாசத்துக்கு அரை அங்குலம் அளவிலை வளரும். நரைக்கிறது எண்டால் கறுத்த மயிர் வெளுக்கிறது இல்லை. வெளியிலை வந்த மயிர் செத்த பொருள், அது தானாய் நிறம் மாறாது. வேரிலை நிறம் குடுக்கிற கலங்கள் குறைஞ்சு போக, பிறகு முளைக்கிறது வெள்ளையாய் முளைக்குது. அதாலை என்னதான் அடிச்சாலும் மூண்டாம் கிழமை வகிட்டிலை வெள்ளைக் கோடு வந்து நிக்கும். மூண்டு கிழமைக்கு ஒருக்கா எண்டால் வருசத்துக்கு 17 தரம். 20 வருசத்துக்கு 340 தரம். 340 ஞாயிற்றுக்கிழமை, பழைய நைற்றி, காதோரத்துக்கு வசிலீன், நிலத்திலை பரப்பின தமிழ்ப் பேப்பர், நாற்பது நிமிசம். அந்த நேரம் ஆரும் கதவு தட்டினால் வீட்டிலை ஆக்கள் இல்லாத மாதிரி இருக்கிறது.

இந்தச் சாமானின்ரை சரித்திரமும் பெரிசில்லை. 1907 இலை பிரான்சிலை எயுஜீன் ஷூலர் எண்ட இரசாயனப் படிப்பாளி ஒருத்தர் ஒரு தலைச்சாயத்தைச் செய்து பரிஸ் சலூன்களுக்கு வித்தார். அதிலையிருந்து வந்த கொம்பனிதான் லோரியல். கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானதிலை பி.பி.டி எண்டு ஒரு இரசாயனம் இருக்கு. காத்தும் பெரொக்சைட்டும் பட்டால் அது கறுக்கும். சிலபேருக்கு அது ஒத்துவராது. அதிலையும் மோசம் என்னெண்டால், பத்துப் பதினைஞ்சு வருசம் ஒண்டும் செய்யாமல் இருந்துபோட்டு ஒருநாள் திடீரெண்டு ஒத்துவராமல் போகும். 48 மணித்தியாலத்துக்கு முதல் தோலிலை துளி பூசிப் பாருங்கோ எண்டு பெட்டியிலை போட்டிருக்கிறது சும்மா இல்லை. 'அமோனியா இல்லை' எண்டு எழுதியிருந்தால் பயமில்லை எண்டு நினைக்காதையுங்கோ, அதிலையும் பி.பி.டி இருக்கலாம். கறுப்பு மருதோண்டி எண்டு விக்கிறதிலையும் இருக்கலாம்.

எனக்கு அந்த ஒருநாள் வந்தது 2020 மாசியிலை. காலமை எழும்பினால் நெத்தி தடிச்சு, ரெண்டு கண்ணும் பொங்கி, ஆரோ அடிச்ச மாதிரி முகம். டொக்டர் மருந்து தந்துபோட்டு, கொஞ்சக் காலம் தலையிலை ஒண்டும் பூசாதையுங்கோ எண்டார். சரி, ரெண்டு மாசம் பொறுத்து சலூனிலை போய் வேறை ஏதும் கேப்பம் எண்டு நினைச்சன். பங்குனியிலை ஊரே பூட்டியாச்சு.

பிறம்ரனிலை இருக்கிற ஆக்களுக்கு அந்தக் காலம் மறக்காது. இஞ்சை பாதிச்சனம் வெயாஹவுசிலையும் ட்ரக்கிலையும் எயாப்போட்டிலையும் வேலை செய்யிற சனம். வீட்டிலையிருந்து வேலை செய்யுங்கோ எண்டு ரீவியிலை சொல்ல, பெட்டி தூக்கிற வேலையை எப்பிடி வீட்டிலையிருந்து செய்யிறது எண்டு இவை கேட்டுக்கொண்டு பஸ் ஏறிச்சினம். வருத்தமும் எங்கடை நகரத்தைத்தான் போட்டு வாட்டினது. சலூன்கள் 2020 ஆனிக் கடைசியிலை திறந்தது. பிறகு கார்த்திகை 23 ஆம் திகதி பீல் பிரதேசத்தையும் ரொறொன்ரோவையும் திரும்பப் பூட்டினவை. ஒன்ராறியோ அரசாங்கம் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் வைச்சிருந்தது: பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு... எங்களுக்கு வந்த கட்டத்தின்ரை நிறம் சாம்பல். கதை கட்டேல்லை, உண்மையாய்த்தான். 2021 ஆனி 30 மட்டும் ஏழு மாசம் பீலிலை ஒரு சலூன் திறக்கேல்லை. சாம்பல் நிறத்து ஊரடங்கிலை சாம்பல் நிறத்துத் தலையோடை குந்தியிருந்தன்.

என்ரை மனிசன் ரெண்டு மாசமாய் இதைக் கவனிக்கவே இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை நிமிந்து பாத்து, "இஞ்சேருமப்பா, தலையிலை மா கொட்டுப்பட்டிட்டுதோ?" எண்டு கேட்டார். நான் அப்ப பிட்டு அவிச்சுக்கொண்டிருந்தன், அவரிலையும் பிழையில்லை.

அம்மா அப்ப எங்களோடை இருந்தவ. நினைவு நல்லாத் தப்பிப்போச்சு. பகலிலை தான் ஊரிலை இருக்கிறன் எண்ட நினைப்பு. ஒருநாள் பின்னேரம் அவவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கிறன். திரும்பி என்ரை தலையைப் பாத்தா, கன நேரம் பாத்தா. பிறகு "அம்மா..." எண்டா. என்னை அம்மம்மா எண்டு நினைச்சிட்டா. என்ரை முன்மயிரைத் தடவிக்கொண்டு, "அம்மா, தம்பி வந்திட்டானோ?" எண்டு கேட்டா.

தம்பி எண்டு அவ கேட்டது தன்ரை மகனை, என்ரை தம்பியை. 1990 இலை பிடிச்சுக்கொண்டு போனது. அப்ப அவனுக்கு 19 வயசு. நான் இஞ்சை வந்து ரெண்டு வருசம். அந்த நாளையிலை இளம் ஆக்கள் றோட்டாலை போகேலாது, தாய்மாரே போகப் பயம். ஒவ்வொரு காம்ப் வாசலுக்கும் அம்மம்மாதான் போனவ. வெள்ளைக் கொண்டையும் வெள்ளைச் சீலையுமாய்ப் போய் நிண்டால் சென்றியிலை நிக்கிறவனும் கொஞ்சம் தணிஞ்சு கதைப்பான். அந்த நரைதான் எங்கடை வீட்டிலை இருந்த ஒரே பாஸ். எத்தனை வாசலிலை நிண்டிருப்பா! ஒரு வாசலிலையும் பதில் கிடைக்கேல்லை.

"வருவான் பிள்ளை" எண்டு அம்மம்மாவின்ரை குரலிலை அம்மாவுக்குச் சொன்னன். அம்மா திருப்தியாய்த் திரும்பி இருந்திட்டா. அம்மா 2023 இலை போட்டா. அந்த ரெண்டு வருசமும் அவ என்னை அம்மா எண்டுதான் கூப்பிட்டா. தலையைத் திரும்பக் கறுப்பாக்கியிருந்தால் அவ ஆரிட்டைத் தம்பியைப் பற்றிக் கேட்டிருப்பா?

இது வீட்டுக் கதை. வெளியிலை வேறை கதை நடந்தது.

2022 இலை திரும்ப ஒபிசுக்குப் போகச் சொன்னவை. முதல் நாள் எங்கடை மனேச்சர் (இளம் பிள்ளை, கெட்ட பிள்ளை இல்லை) கண்ட உடனை, "சுகமாய்த்தானே இருக்கிறீங்கள்? எப்ப ரிற்றயர் பண்ணுறதாய் யோசினை?" எண்டு கேட்டார். ரெண்டு வருசமாய் கொம்பியூட்டர் திரையிலை, கமெராவை நிப்பாட்டிப்போட்டு, நான் செய்த வேலையிலை ஆரும் ஒரு பிழை சொல்லேல்லை. நேரிலை தலையைக் கண்ட உடனை பென்சன் ஞாபகம் வந்திட்டுது.

அந்த வருசம் ஆவணியிலைதான் லிசா லாஃப்ளாமின்ரை செய்தி வந்தது. கனடாவிலை இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேறை நாட்டிலை இருந்து வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன். சீ.ரி.வியிலை இரவுச் செய்தி வாசிக்கிறவ. ஏறக்குறைய 35 வருசம் அந்த நிறுவனத்திலை. 2011 புரட்டாதியிலை லொயிட் ரொபேட்சனிட்டையிருந்து அந்தக் கதிரையை வாங்கினவ. ரொபேட்சன் அந்தக் கதிரையாலை எழும்பேக்கை அவருக்கு வயசு 77. அவற்றை தலை எப்பவோ நரைச்சது. ஒருத்தரும் ஒண்டும் கேட்டதாய் நான் அறியேல்லை. பாக்க மரியாதையாய் இருக்கு எண்டுதான் சனம் சொன்னது.

லிசாவும் என்னை மாதிரி 2020 ஊரடங்கிலைதான் சாயத்தை விட்டவ. வெள்ளி மாதிரித் தலையோடை செய்தி வாசிச்சா. 2022 ஆவணி 15 ஆம் திகதி ருவிற்றரிலை ஒரு வீடியோ போட்டு, பெல் மீடியா தன்ரை ஒப்பந்தத்தை முடிச்சுப்போட்டுது, ஆனி மாசக் கடைசியிலையே தனக்குச் சொல்லிப்போட்டினம் எண்டு சொன்னா. வயசு 58. அவவும் நானும் ஒரே வருசம், 1964 இலை பிறந்தனாங்கள். நேயர்களுக்கு முறையாய் ஒரு பிரியாவிடை சொல்லவும் சந்தர்ப்பம் கிடைக்கேல்லை. குளோப் அன்ட் மெயில் பேப்பர் விசாரிச்சு எழுதினது: லிசாவின்ரை தலையை நரைக்க விட ஆர் அனுமதி குடுத்தது எண்டு அங்கை ஒரு மேலதிகாரி கேட்டவராம்.

நியாயமாய் மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். இது வியாபார முடிவு, சனம் செய்தி பாக்கிற விதம் மாறிப்போச்சு எண்டு பெல் சொன்னது. வயசோ, பெண் எண்டதோ, நரையோ காரணமில்லை எண்டு அதின்ரை தலைமை அதிகாரி பிறகு எழுத்திலையும் சொன்னார். உள்ளுக்கை என்ன நடந்தது எண்டதுக்கு நான் தீர்ப்பு எழுத வரேல்லை. நான் கவனிச்சது வெளியிலை நடந்ததை. ஏன் இந்த நாட்டிலை இவ்வளவு பொம்பிளையள் அதை உடனை நம்பிச்சினம்? ஏனெண்டால் ஒவ்வொருத்தியிட்டையும் ஒரு மனேச்சர் கதை இருந்தது. வெண்டீஸ் சாப்பாட்டுக்கடை கனடாவிலை தன்ரை விளம்பரப் பெட்டையின்ரை சிவப்புத் தலையைச் சாம்பலாய் மாத்திப் போட்டது. டவ் சவர்க்காரக் கொம்பனியும் தன்ரை பங்குக்கு நரையை விடுங்கோ எண்டு விளம்பரம் செய்தது. (சவர்க்காரம் விக்கிறவைக்கு எதிலையும் வியாபாரம்தான், அது வேறை.) லிசா அதோடை ஒடுங்கிப் போகேல்லை. 2023 இலை சாள்ஸ் மன்னற்றை முடிசூட்டுக்கு வேறை ரீவிக்காகப் போய் நிண்டு, அதே வெள்ளித் தலையோடை செய்தி சொன்னா.

சட்டம் என்ன சொல்லுது எண்டால், ஒன்ராறியோவிலை வயசைக் காரணம் காட்டி வேலையிலை பாகுபாடு செய்யேலாது. 65 வந்தால் கட்டாயம் போகவேணும் எண்டதையும் 2006 மார்கழியிலை எடுத்தாச்சு. ஆனால் "எப்ப ரிற்றயர் பண்ணுறியள்?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேக்கிறதைச் சட்டத்தாலை பிடிக்கேலாது. நான் அண்டைக்கு, "வீட்டுக் கடன் முடிய" எண்டு சொன்னன். அவரும் சிரிச்சார். நானும் இன்னும் வேலையிலைதான் இருக்கிறன்.

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லிப்போட்டுப் போனால் அது நியாயமில்லை. எங்கடை பக்கத்தைப் பாப்பம்.

லிசா அந்தக் கதிரையிலை இருந்த அதே காலத்திலைதான், 2011 ஆவணிக் கடைசியிலை, அஜித்தின்ரை மங்காத்தா வந்தது. 50 ஆவது படம், நரைச்ச தலை. தியேட்டரிலை பெடியள் எழும்பி நிண்டு விசில் அடிச்சாங்கள். ரஜினி வெளியிலை வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாய் வந்தால், என்ன எளிமை எண்டு சனம் உருகுது. சரி, உருகட்டும். அதே மங்காத்தாவிலை கதாநாயகி அதே நரையோடை வந்திருந்தால் அவவைத் தாய் வேசத்துக்கெல்லோ அனுப்பியிருப்பாங்கள்! என்ரை மனிசனுக்கும் தலை பஞ்சு மாதிரி. பொம்பிளையின்ரை தகப்பன் வெள்ளைத் தலையோடை மணவறையிலை நிண்டால் அல்பம் கெட்டுப்போகும் எண்டு மச்சாள் சொல்லேல்லை. அவர் அவவின்ரை சொந்தத் தமையன். அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

இன்னொரு கதை. என்ரை சிநேகிதி ஒராள், மனிசனை இழந்தவ. அவ ஒவ்வொரு மாசமும் வடிவாய் டை அடிச்சு, பொட்டும் வைச்சுக்கொண்டு கோயிலுக்கு வருவா. அவவைக் கண்டால் இதே சனம் என்ன கேக்குது தெரியுமோ? "இவ ஆருக்குக் காட்ட அடிக்கிறா?" எனக்கு ஏன் அடிக்கேல்லை எண்டு கேள்வி, அவவுக்கு ஏன் அடிச்சனி எண்டு கேள்வி. இதை யோசிக்க யோசிக்கத்தான் எனக்கு ஒரு விசயம் விளங்கினது. ஊருக்கு நரை பிரச்சினை இல்லை, கறுப்பும் பிரச்சினை இல்லை. பொம்பிளையின்ரை தலை புருசனுக்குக் கணக்குக் காட்டவேணும். புருசன் இருந்தால் கறுப்பாய் இருக்கவேணும், இல்லாட்டி வெளுத்துப் போகவேணும். பொட்டையும் பூவையும் வைச்சு எங்களை அளந்த அதே கோலாலைதான் இப்ப டைப் பெட்டியையும் அளக்கினம்.

எங்கடை இலக்கியத்திலை நரைக்கு நல்ல இடம் இருக்கு. தசரதன் காதோரம் ஒரு நரையைக் கண்டுதான் இராமனுக்கு முடிசூட்ட நினைச்சான் எண்டு கம்பர் சொல்லுறார். கவனியுங்கோ, அவன் தானாய்ப் பாத்து, தானாய் முடிவெடுத்தான். மந்திரி வந்து கேக்கேல்லை. ஔவையின்ரை கதையும் அப்பிடித்தான். இளம் வயசிலை கலியாணப் பேச்சு வர, பிள்ளையாரிட்டைப் போய் முதுமையைக் கேட்டு வாங்கினா எண்டு சொல்லுவினம். ஏன் கேட்டா? தனியாய் நடந்து திரிய, ராசாவிட்டை நிமிந்து கதைக்க, ஆரையும் கேளாமல் பாட, அந்தக் காலத்திலை ஒரு பொம்பிளைக்கு நரைதான் அனுமதிச்சீட்டு. என்ரை அம்மம்மா காம்ப் வாசலுக்குக் கொண்டுபோனதும் அதே சீட்டுத்தான்.

ஆனால் எனக்கு ஆகப் பிடிச்சவர் பிசிராந்தையார். புறநானூற்றிலை 191 ஆவது பாட்டு. இவ்வளவு வயசாகியும் உமக்கு ஏன் நரைக்கேல்லை எண்டு கேக்கிற ஆக்களுக்கு அவர் காரணம் சொல்லுறார்: நல்ல மனிசி, அறிவான பிள்ளையள், சொன்னதைக் கேக்கிற வேலையாக்கள், அநியாயம் செய்யாமல் காக்கிற அரசன், ஊரிலை அடக்கமான சான்றோர். அதாலை எனக்குக் கவலை இல்லை, நரையும் இல்லை எண்டுறார். சும்மா கவிதைதானே எண்டு நினைச்சிருந்தன். 2020 தையிலை ஹாவட் விஞ்ஞானிகள் எலியிலை செய்த ஆராய்ச்சி ஒண்டு நேச்சர் சஞ்சிகையிலை வந்தது. கடும் நெருக்கடி வரேக்கை நரம்பு விடுற இரசாயனம், மயிருக்கு நிறம் குடுக்கிற கலங்களின்ரை மூலத்தையே தீர்த்துப் போடுதாம். பரம்பரைதான் பெரிய காரணம் எண்டது உண்மை. ஆனாலும் கவலையாலை நரைக்கும் எண்டு ஊரிலை சொல்லுறது வெறும் பேச்சில்லை.

நான் பிசிராந்தையாற்றை பட்டியலை வைச்சு என்ரை கணக்கைப் பாத்தன். மனிசன் நல்லவர் (பிட்டு மாவைத் தவிர). பிள்ளையள் தங்கம். அடக்கமான சான்றோர் பிறம்ரனிலையும் நாலைஞ்சு பேர் இருக்கினம். வேலையாக்கள் எண்டு வீட்டிலை நான் ஒருத்திதான். அநியாயம் செய்யாத அரசன்... அந்த ஒரு இடத்திலைதான் எங்கடை எல்லாற்றை தலையும் நரைச்சது. 32 வயசிலை எனக்கு ஏன் நரைச்சது எண்டு இப்ப விளங்குது. அதை நான் ஏன் 340 தரம் மறைச்சன் எண்டுதான் விளங்கேல்லை.

சாமி அறையிலை தம்பியின்ரை படம் இருக்கு. அடையாள அட்டைக்கு எடுத்த படம். நெத்தியிலை விழுகிற கறுத்தச் சுருள் மயிர். அவனுக்கு ஒருநாளும் நரைக்காது. காலமை விளக்குக் கொளுத்தேக்கை அந்தக் கண்ணாடியிலை என்ரை வெள்ளைத் தலையும் அவன்ரை கறுத்தத் தலையும் ஒண்டாய்த் தெரியும். நரை எண்டது உயிரோடை மிஞ்சின ஆக்களுக்குக் கிடைக்கிற சாமான். அதை ஒரு குறை எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

இதுக்காக எல்லாரும் டைப் பெட்டியை எறியுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். நான் விட்டது வேலை நிரந்தரமான பிறகு, வீட்டுக் கடன் குறைஞ்ச பிறகு. லிசா மாதிரிப் பேரும் புகழும் உள்ள ஒருத்திக்கே அப்பிடி எண்டால், 52 வயசிலை ஏஜென்சிக்குள்ளாலை வேலை தேடுற ஒரு பிள்ளைக்கு "துணிவாய் இரு" எண்டு சொல்ல எனக்கு என்ன உரிமை? அவ வந்து கேட்டால் நானே கையுறை போட்டுக்கொண்டு அடிச்சு விடுவன். என்ரை சிநேகிதியும் அடிக்கட்டும். கண்ணாடியிலை பாக்க அவவுக்குச் சந்தோசமாய் இருக்கு, அது போதும். நான் சொல்லுறது ஒண்டுதான். நாளைக்கு நீங்கள் டையை விட்டால் ஆருக்குக் கவலை எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. உங்களுக்குத்தான் கவலை எண்டால் தாராளமாய் அடியுங்கோ. வேறை ஆருக்கோ கவலை எண்டால், பெட்டியை அவையிட்டைக் குடுங்கோ. அவை தங்கடை தலைக்கு அடிக்கட்டும்.

மச்சாளுக்கு நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அது சுலபம். கஸ்டமானது மகள். அவளும் முதல் மச்சாளின்ரை கட்சிதான். "அம்மா, ஒரு நாளைக்கு மட்டும். ஆக்கள் உங்களுக்குச் சுகமில்லையோ எண்டு என்னட்டைக் கேப்பினம்" எண்டாள். நான் அம்மம்மா வாசல் வாசலாய்த் திரிஞ்ச கதையையும், அம்மா கடைசிக் காலத்திலை என்னை அம்மா எண்டு கூப்பிட்டதையும் சொன்னன். காம்ப் வாசல் கதையை நான் அவளுக்கு அதுக்கு முதல் சொன்னதில்லை. ஒண்டும் பேசாமல் எழும்பிப் போட்டாள். ரெண்டு நாள் கதைக்கேல்லை. எனக்கும் நெஞ்சு பதைச்சுக்கொண்டுதான் இருந்தது. பிள்ளையின்ரை ஒரு நாளை என்ரை பிடிவாதத்தாலை கெடுக்கிறனோ எண்டு ஒருக்காக் கடைக்குப் போய்ப் பெட்டியைக் கையிலை எடுத்தும் பாத்தன். நெத்தி தடிச்சது ஞாபகம் வர வைச்சிட்டன். பொய் சொல்லக்கூடாது, அதுவும் ஒரு காரணம்.

நேற்று அவளிட்டையிருந்து வட்சப்பிலை மூண்டு சீலைப் படம் வந்தது. கீழை எழுதியிருந்தாள்: "பச்சை உங்கடை தலைக்கு எடுக்காது. அரக்கு நல்லா இருக்கும். அம்மம்மாவின்ரை அட்டியலைப் போடுங்கோ."

அரக்குச் சீலைக்குச் சொல்லியாச்சு.